அத்தியாயம் 7: உற்பத்தி நின்ற பி.எல்.சி. கார்டைத் தேடி வாங்குவதும் மாற்றுவதும்

பழைய மெஷின்களில் பி.எல்.சி. கார்டு கெட்டுப்போவது சாதாரண விஷயம். அதற்காக மெஷின் வாரக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. மாற்றுக் கார்டு கைக்கு வந்த பிறகும் மெஷின் ஓடாமல் நிற்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: புரோகிராமின் நகல் இல்லை, அல்லது பழைய கார்டில் என்ன செட்டிங் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இந்த அத்தியாயம் ஸ்குரூ டிரைவரில் தொடங்கவில்லை, லேப்டாப்பில் தொடங்குகிறது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு சீமென்ஸ் எஸ்7-300 குடும்பத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1990களின் நடுவில் சந்தைக்கு வந்து, நூற்பாலை, சாயப்பட்டறை, பேக்கிங் லைன் என்று எங்கும் பரவிய கன்ட்ரோலர் இது. 2023 அக்டோபரில் இதைக் கைவிடும் கட்டத்துக்கு சீமென்ஸ் நகர்த்தியது. அதிலிருந்து 10 ஆண்டு, அதாவது 2033 வரை, உதிரிபாகமாகக் கிடைக்கும். வேறு கம்பெனிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். வேறுபடும் இடங்களைக் கடைசிப் பக்கங்களில் சொல்கிறேன்.

யார் செய்யலாம்?

பேனலுக்குள் வேலை பார்க்கத் தகுதியும் அனுமதியும் உள்ள எலக்ட்ரீஷியன் அல்லது மெயின்டனன்ஸ் இன்ஜினியர் செய்யலாம். 415 வோல்ட் பஸ்பார் இருக்கும் பேனலில் தனியாக வேலை செய்யாதீர்கள். பாய்லர், பர்னர், பிரஸ், லிஃப்ட் போன்றவற்றின் பாதுகாப்புக்கென்றே தனிக் கார்டு இருந்தால் (மஞ்சள் நிற லேபிள் அல்லது மஞ்சள் முகப்பு இருக்கும்) அதைத் தொடாமல் மெஷின் தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள். அது இந்த நூலின் எல்லைக்கு வெளியே இருக்கும் வேலை.

முதல் வேலை: பேக்கப்

மெஷின் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

1. லேப்டாப்பில் ஸ்டெப் 7 மென்பொருளும், சி.பி.யு.வின் எம்.பி.ஐ. போர்ட்டுக்குப் பொருந்தும் அடாப்டர் கேபிளும் தயார் செய்யுங்கள்.

2. மெஷினோடு வந்த பழைய சி.டி., பென் டிரைவ், மேனுவல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். சர்க்யூட் டிராயிங் பைலின் கடைசி உறையில் சி.டி. கிடப்பது வழக்கம். அதில் ஒரிஜினல் புரோஜெக்ட் இருந்தால் அது பெரும் சொத்து. கமென்ட்டும் சிம்பல் பெயர்களும் அதில் மட்டும்தான் இருக்கும்.

3. சி.பி.யு.வில் இருந்து முழு ஸ்டேஷனையும் அப்லோட் செய்யுங்கள். இப்படி எடுக்கும் நகலில் கமென்ட் வராது, சிம்பல் வராது. படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மெஷினை ஓட்ட அது போதும்.

4. சி.டி.யில் உள்ளதையும் சி.பி.யு.வில் இருந்து வந்ததையும் ஒப்பிடுங்கள். இடையில் யாராவது டைமர் மாற்றியிருப்பார்கள், இன்டர்லாக் ஒன்றைக் கழற்றியிருப்பார்கள். ஓடிக்கொண்டிருப்பதுதான் உண்மையான புரோகிராம்.

5. டேட்டா பிளாக்குகளில் இப்போதுள்ள மதிப்புகளைத் தனியாகச் சேமியுங்கள். ரெசிபி, ஸ்பீடு செட்டிங், காலிபரேஷன் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

6. இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். மெஷின் பெயர், தேதி, யார் எடுத்தது என்று எழுதுங்கள்.

எம்.எம்.சி. பற்றி ஒரு எச்சரிக்கை. 2000களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்த எஸ்7-300 சி.பி.யு.க்களில் புரோகிராம் இந்தச் சிறிய மெமரி கார்டில் இருக்கிறது. கார்டு இல்லாமல் சி.பி.யு. ஓடாது. பார்க்க கேமரா கார்டு போலவே இருப்பதால், சிலர் அதை லேப்டாப் ஸ்லாட்டில் செருகிவிடுகிறார்கள். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் உள்ளே இருந்த புரோகிராமும் போகும், அந்தக் கார்டு பி.எல்.சி.க்கு மறுபடி உதவவும் செய்யாது. எம்.எம்.சி.யை எடுப்பது, போடுவது இரண்டையும் பவரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அதற்கு முந்தைய சி.பி.யு.க்கள் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியை நம்பி இருக்கின்றன. அதிலே நேர்எதிர் விதி: பேட்டரியை மாற்றும்போது பவர் ஆன் நிலையில் இருக்க வேண்டும். பவரை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால் ரேமில் உள்ள புரோகிராம் போய்விடும். பழைய எஸ்5 வைத்திருப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். உங்கள் சி.பி.யு. எந்த வகை என்பதைக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். ராத்திரி ஷிஃப்டில் வருபவருக்கு அது தெரிய வேண்டும்.

கெட்டது கார்டுதானா?

கார்டு தேடி அலைவதற்கு முன் அரை மணி நேரம் இதற்குச் செலவழியுங்கள்.

முதலில் 24 வோல்ட் சப்ளை. மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் ஏ.சி.யில் வைத்துப் பாருங்கள். ஏ.சி.யில் ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பொருள். பதினைந்து, இருபது வருடம் ஓடிய பேனலில் கார்டை விட எஸ்.எம்.பி.எஸ். முதலில் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்புட் கார்டு என்றால், சந்தேகப்படும் டெர்மினலில் வோல்டேஜ் பாருங்கள். 24 வோல்ட் கார்டுகள் 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால் 'ஆன்' என்றும், 5 வோல்ட்டுக்குக் கீழே 'ஆஃப்' என்றும் எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் 24 இருந்தும் எல்.இ.டி. எரியவில்லை என்றால், அல்லது எல்.இ.டி. எரிந்தும் லேப்டாப்பில் பிட் பூஜ்யமாகவே இருந்தால், கார்டைச் சந்தேகிக்கலாம். டெர்மினலில் எட்டோ ஒன்பதோ வோல்ட் இருந்தால் கோளாறு சென்சாரிலோ வயரிலோ இருக்கிறது.

அவுட்புட் கார்டில் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 32 அவுட்புட் கார்டில் எட்டு எட்டாக நான்கு குரூப். ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாக 24 வோல்ட் கொடுத்திருப்பார்கள். வரிசையாக எட்டு அவுட்புட்டும் ஒரே நேரத்தில் செத்தால், கார்டு போகவில்லை, அந்தக் குரூப்பின் ஃபியூஸ் போயிருக்கிறது. ஒரே ஒரு அவுட்புட் மட்டும் செத்தால் அந்தச் சானலின் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். அப்போது கார்டை மாற்றுவதற்கு முன், அதில் இணைந்த சொலினாய்டு காயிலையும் அதன் டயோடையும் பாருங்கள். ஷார்ட்டான காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கார்டு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

சி.பி.யு. ஸ்டாப்பில் நின்றால் உடனே சி.பி.யு.வைக் கழற்றாதீர்கள். லேப்டாப்பில் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறங்கள். எந்த ஸ்லாட், எந்த முகவரி, எத்தனை மணிக்கு என்று அது சொல்லும். பல நேரம் வேறொரு கார்டின் கோளாறு சி.பி.யு.வை நிறுத்தியிருக்கும்.

டிப்: கார்டில் கோளாறு என்று முடிவெடுத்த பிறகு, அதே எண்ணுள்ள இன்னொரு கார்டு அதே ரேக்கில் இருந்தால், பவரை நிறுத்தி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, மோட்டார் பவர் இல்லாமல் சோதியுங்கள். கோளாறு கார்டோடு சேர்ந்து நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

லேபிளைப் படிப்பது

சீமென்ஸ் கார்டின் முழு ஆர்டர் எண் 6இஎஸ்7 என்று தொடங்கும். (லேபிளில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே உச்சரிப்பைத் தருகிறேன்.) அடுத்த மூன்று இலக்கம் வகை: 321 டிஜிட்டல் இன்புட், 322 டிஜிட்டல் அவுட்புட், 331 அனலாக் இன்புட், 332 அனலாக் அவுட்புட். அதன் பிறகு வரும் பகுதியில் இரண்டாவது எழுத்து சானல் எண்ணிக்கை: பி என்றால் 2, எஃப் என்றால் 8, எச் என்றால் 16, எல் என்றால் 32. ஆகவே 321-1பிஎல்00 என்பது 32 சானல், 24 வோல்ட் இன்புட். 331-7கேஎஃப்02 என்பது 8 சானல் அனலாக் இன்புட். 331-7கேபி02 என்று ஒருவர் கொண்டுவந்தால் அதில் இரண்டே சானல்தான், வாங்கிப் பயனில்லை.

கடைசி இரண்டு இலக்கம் முக்கியம். 01 உள்ள இடத்தில் 02 பொதுவாகப் பொருந்தும், புதிய பதிப்பு பழையதன் வேலையைச் செய்யும். ஆனால் 321-1பிஎச்02, 321-1பிஎச்50 இரண்டும் 16 சானல் 24 வோல்ட் இன்புட் கார்டுகள்தான் என்றாலும், ஒன்று பிளஸ் சிக்னலைப் படிக்கும், மற்றொன்று மைனஸ் சிக்னலைப் படிக்கும். சென்சார் பி.என்.பி. ஆக இருக்கும் மெஷினில் 50-ஐப் போட்டால் ஒரு இன்புட்டும் வேலை செய்யாது. "ஏறத்தாழ அதே எண்தான், போட்டுப் பாருங்கள்" என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கார்டின் முகப்பில் X 2 3 4 என்பது போல ஒரு சிறு கட்டம் இருக்கும். X விழுந்திருக்கும் இடம் அந்தக் கார்டின் பதிப்பு நிலை. பழைய கார்டை விடக் குறைந்த பதிப்பு வேண்டாம். சி.பி.யு. என்றால் ஃபர்ம்வேர் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம், பக்கவாட்டு லேபிள், பின்பக்கம், வயரோடு முழு ரேக் என நான்கு போட்டோ எடுத்து பைலில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் விசாரிக்கும்போது எண்ணைத் தட்டச்சு செய்வதை விட லேபிள் போட்டோவை அனுப்புவது பாதுகாப்பு. ஒரு எழுத்து மாறினால் வேறு கார்டு வந்துவிடும்.

எங்கே தேடுவது?

நான் சொல்லும் வரிசைப்படியே கேளுங்கள்.

1. உங்கள் சொந்த ஆலை. ஸ்டோர் அலமாரியை மட்டும் பார்க்காமல், ஓரங்கட்டிய மெஷின்களின் பேனலையும் பாருங்கள்.

2. சீமென்ஸின் அங்கீகாரம் பெற்ற டீலர். 2033 வரை உதிரியாகக் கிடைக்கும் என்பதால் முதல் விலை விசாரணை இங்கேதான். விலை கூடுதலாகவே இருக்கும், டெலிவரி நாளும் நீளலாம். ஆனாலும் சி.பி.யு.வுக்கு இதுதான் என் தேர்வு.

3. ரிப்பேர் செய்பவர்கள். கோவை, சென்னை, ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக் கார்டு ரிப்பேர் செய்பவர்கள் இருக்கிறார்கள். பவர் சப்ளை, ரிலே அவுட்புட் கார்டு, ஒன்றிரண்டு சானல் போன டிரான்சிஸ்டர் கார்டு இவையெல்லாம் ரிப்பேருக்கு ஏற்றவை. எரிந்து கருகிய சி.பி.யு. போர்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ரிப்பேருக்கு அனுப்பும் முன் எம்.எம்.சி., ஜம்பர், ரேஞ்ச் பிளக் எல்லாவற்றையும் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. மூடிய ஆலைகளின் மெஷின் ஏலமும் பழைய மெஷின் வியாபாரிகளும். ஒரே பேனலில் இருந்து பத்துக் கார்டு கிடைக்கும் இடம் இது. கழற்றுவதற்கு முன்பே போய்ப் பார்க்க முடிந்தால், பேனல் ஓடிக்கொண்டிருந்ததா, தண்ணீர் பட்டதா, துரு உண்டா என்பது தெரியும்.

5. வெளிநாட்டு வியாபாரிகள். கடைசி வழி. இந்தியாவின் அயல்நாட்டு வணிகக் கொள்கைப்படி, புதுப்பித்த உதிரிபாகத்தை இறக்குமதி செய்ய, அதில் குறைந்தது 80 சதவீத ஆயுள் மிச்சமிருக்கிறது என்று சார்ட்டர்டு இன்ஜினியரின் சான்றிதழ் வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன்பே கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் பேசிவிடுங்கள். கார்டு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் தினம் தினம் வாடகை ஏறும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

விற்பவர் சொல்லும் வார்த்தைகளுக்கு எழுத்தில் பொருள் கேளுங்கள். 'புதுசு' என்றால் பெட்டி பிரிக்காததா, பிரித்து ஒருமுறையும் போடாததா? 'ரீஃபர்பிஷ்டு' என்றால் கெப்பாசிட்டர் மாற்றியதா, வெறும் தூசி தட்டியதா? 'டெஸ்டட்' என்றால் எல்லாச் சானலும் லோடு வைத்துப் பார்த்ததா, பச்சை எல்.இ.டி. எரிந்ததோடு சரியா?

போலியும் பூசி மெழுகியதும் கண்ணுக்குத் தெரியும், பொறுமையாகப் பார்த்தால். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ள சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 'புதுசு' என்று சொல்லும் கார்டின் பின்பக்க பஸ் பின்களில் உரசல் கோடு இருந்தால் அது ரேக்கில் இருந்த கார்டு. ரெயிலில் மாட்டும் ஸ்குரூவின் தலையில் கீறல், முகப்புக் கதவின் கீலில் வெளுப்பு, லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருப்பது இவையும் அடையாளங்கள். பயன்படுத்திய கார்டை வாங்குவதில் தவறே இல்லை. பயன்படுத்திய கார்டுக்குப் புதுசின் விலை கொடுப்பதுதான் தவறு.

ஜி.எஸ்.டி. பில், பில்லில் முழு ஆர்டர் எண்ணும் சீரியல் எண்ணும், திருப்பித் தருவதற்கான நாட்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். திருப்பும் காலம் கார்டு உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து தொடங்க வேண்டும்.

மேசையில் சோதனை

வந்த கார்டை நேராக ஓடும் ரேக்கில் செருகக் கூடாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பின்பக்க பஸ்ஸின் 5 வோல்ட்டை அது கீழே இழுத்து, நன்றாக இருக்கும் சி.பி.யு.வையும் நிறுத்திவிடும். மெயின்டனன்ஸ் அறையில் ஒரு சிறிய சோதனை ரேக் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு துண்டு ரெயில், ஒரு 24 வோல்ட் சப்ளை, ஏதாவது ஒரு பழைய எஸ்7-300 சி.பி.யு., 20 பின், 40 பின் முன் கனெக்டர் ஒவ்வொன்று. ஸ்கிராப்பில் இருந்தே இதைச் சேர்த்துவிடலாம்.

1. கையில் ரிஸ்ட் ஸ்டிராப் போட்டு எர்த்தில் இணையுங்கள். பாலிதீன் கவர், தெர்மோகோல் இரண்டையும் மேசையில் இருந்து அகற்றுங்கள்.

2. பவர் இல்லாமல் கார்டை மாட்டி, பிறகு பவர் கொடுங்கள். சி.பி.யு.வின் டி.சி.5வி பச்சை விளக்கு நிலையாக எரிய வேண்டும்.

3. இன்புட் கார்டில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் 24 வோல்ட் கொடுத்து, லேப்டாப்பில் பிட் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 32 சானல் என்றால் 32 முறை. பாதியில் நிறுத்தாதீர்கள்.

4. அவுட்புட் கார்டில் ஒவ்வொரு சானலிலும் ஒரு சிறு 24 வோல்ட் பல்பு அல்லது ரிலே மாட்டிச் சோதியுங்கள். லோடு இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்தால், ஆஃபில் உள்ள டிரான்சிஸ்டரும் கசிவு மின்னோட்டத்தால் வோல்ட்டேஜ் காட்டும். நல்ல கார்டைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

5. அனலாக் கார்டுக்கு 4–20 மில்லிஆம்பியர் காலிபரேட்டர் வேண்டும். 4-ல் 0, 12-ல் 13824, 20-ல் 27648 என்று சி.பி.யு.வில் எண் வர வேண்டும். 32767 என்று வந்தால் அளவு எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ரேஞ்ச் செட்டிங்கையும் வயரிங்கையும் சரிபாருங்கள்.

6. பவரில் ஒரு ஷிஃப்ட் நேரம் விட்டு, மறுபடி ஒரு சுற்று பாருங்கள். சூடானபின் தவறும் கார்டு அப்போதுதான் மாட்டும்.

சோதித்த தேதியும் பெயரும் கார்டில் ஒட்டுங்கள். ஒட்டுச்சீட்டு இல்லாத எதையும் ஸ்பேர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாற்றும் வேலை

மெஷின் நிற்கும் நாளில், அவசரமில்லாத நேரத்தில் செய்வது நல்லது. பிரேக்டவுன் நடுவே என்றால், பக்கத்தில் நின்று நேரம் கேட்பவர்களைப் பேனலுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

1. மெஷினை அதன் சாதாரண முறையில் நிறுத்துங்கள். கை, ரோலர், பிரேக், தொங்கும் எடை எல்லாம் ஓய்வு நிலைக்கு வரட்டும். காற்றழுத்த லைனை மூடி, உள்ளே உள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

2. சி.பி.யு.வை ஸ்டாப்புக்கு மாற்றி, மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். டேக் மாட்டுங்கள்.

3. மெயின் ஆஃப் என்றால் பேனல் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். யு.பி.எஸ். லைன் தனியாக வரலாம், பக்கத்து மெஷினின் இன்டர்லாக் வோல்டேஜ் இங்கே வந்து நிற்கலாம். நீங்கள் கை வைக்கப்போகும் ஒவ்வொரு டெர்மினலையும் மீட்டரால் பாருங்கள். டிரைவ் இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் நிமிடம் வரை காத்திருங்கள்.

4. கார்டின் முகப்பையும் வயரையும் போட்டோ எடுங்கள். வயர் எண் ஃபெரூல் தெளிவாக இல்லாவிட்டால் இப்போதே புதிது போடுங்கள்.

5. முகப்புக் கதவைத் திறந்து, முன் கனெக்டரை வயரோடு அப்படியே கழற்றுங்கள். 20 பின் கனெக்டரில் மேலே உள்ள பட்டனை அழுத்த வேண்டும். 40 பின் கனெக்டரில் நடுவே உள்ள ஸ்குரூவைத் தளர்த்த வேண்டும். வயரை ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். அப்படிக் கழற்றினால் அரை மணி வேலை அரை நாளாகும், தவறான வயரிங்குக்கும் இடம் கொடுக்கும்.

6. கீழே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கார்டை மேல்நோக்கிச் சுழற்றி எடுங்கள். பின்பக்கம் உள்ள சிறிய 'யு' வடிவ பஸ் கனெக்டர் எங்கே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். அது விழுந்து தொலைந்தால் அதற்குப் பிறகு உள்ள எந்தக் கார்டும் சி.பி.யு.வுக்குத் தெரியாது.

7. பழைய கார்டையும் புதிய கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்டர் எண்ணை இரண்டு பேர் சத்தமாகப் படியுங்கள்.

8. அனலாக் கார்டு என்றால் இங்கே நில்லுங்கள். 331-7கேஎஃப்02 கார்டின் இடப்பக்கத்தில் நகத்தளவு சதுரப் பிளக்குகள் நான்கு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, டி என்று எழுதியிருக்கும். கார்டில் உள்ள அம்புக்குறி எந்த எழுத்தைக் காட்டுகிறதோ, அந்த இரண்டு சானலும் அந்த வகைக்கு அமைக்கப்பட்டிருக்கும். தெர்மோகப்பிள், ஆர்.டி.டி.க்கு ஏ, வோல்டேஜுக்கு பி, 4 வயர் கரண்டுக்கு சி, 2 வயர் டிரான்ஸ்மிட்டருக்கு டி. பெட்டியில் இருந்து வரும் புதுக் கார்டில் பி என்றிருக்கும். பார்க்காமல் மாட்டினால் அளவு தவறுவதோடு நிற்காது, கார்டே கெடலாம். பிளக்கைச் சிறிய ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பி எடுத்து, பழைய கார்டில் உள்ள நிலைக்குத் திருப்பிச் செருகுங்கள். கார்டை ரெயிலில் மாட்டிய பிறகு இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது.

9. முன் கனெக்டரில் ஒரு கோடிங் துண்டு உண்டு. முதன்முதலில் மாட்டும்போது அதன் ஒரு பாதி கனெக்டரில் தங்கிவிடும், மறுபாதி கார்டில் இருக்கும். வேறு வகைக் கார்டில் இந்தக் கனெக்டர் ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் வயர்க் கனெக்டரில் அந்தப் பாதி ஏற்கனவே இருப்பதால், புதுக் கார்டோடு வரும் மேல்பாதியைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கனெக்டர் ஏறவில்லை என்று பலம் கொடுத்துத் தள்ளுவதற்கு முன் இதைப் பாருங்கள். எண் சரியாக இருந்தும் ஏற மறுத்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

10. கார்டை மேலே கொக்கியில் மாட்டி, கீழே இறக்கி, ஸ்குரூவை இறுக்குங்கள். அந்த ஸ்குரூதான் எர்த்தும் கூட. கனெக்டரை மாட்டி, பழைய லேபிள் பட்டையைப் புதுக் கார்டுக்கு மாற்றுங்கள்.

சி.பி.யு.வையே மாற்றும்போது எம்.எம்.சி.யைப் பழையதில் இருந்து புதியதற்கு மாற்றுவதோடு பெரும்பாலும் வேலை முடியும். ஸ்டாப் விளக்கு மெதுவாக விட்டுவிட்டு எரிந்தால் சி.பி.யு. மெமரி ரீசெட் கேட்கிறது. சுவிட்சை எம்.ஆர்.இ.எஸ். நிலையில் பிடித்து ரீசெட் செய்து, பிறகு ரன்னுக்கு மாற்றுங்கள்.

பவர் கொடுத்த பிறகு

மோட்டார் எம்.சி.பி.க்கள், டிரைவ்கள், காற்று மூன்றும் ஆஃபில் இருக்கும்போதே கன்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுங்கள். சி.பி.யு. ஸ்டாப்பில் இருக்கட்டும். எஸ்.எஃப். சிவப்பு எரிந்தால் டயக்னாஸ்டிக் பஃபரைப் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி.

ரன்னுக்கு மாற்றி, இன்புட்களை ஒவ்வொன்றாக ஆளை வைத்துத் தட்டிப் பாருங்கள். பிறகு காற்றைத் திறந்து சொலினாய்டுகளை, கடைசியாக மோட்டாரை. லேப்டாப்பில் 'ஃபோர்ஸ்' கொடுத்து அவுட்புட் சோதிப்பது ஆபத்தானது. மெஷினுக்குள் கை, கருவி, ஆள் யாரும் இல்லை என்று நேரில் பார்த்த ஒருவர் உங்களிடம் சொன்ன பிறகே கொடுங்கள். முடித்ததும் எல்லா ஃபோர்ஸையும் நீக்குங்கள். ஃபோர்ஸில் விட்டுப்போன ஒரு இன்டர்லாக், வாரங்கள் கழித்து யாரோ ஒருவரின் விரலை எடுக்கும்.

எமர்ஜென்சி ஸ்டாப் ஒவ்வொன்றையும், கதவு சுவிட்ச் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டே மெஷினை உற்பத்திக்குக் கொடுங்கள். இதற்கு எந்த அவசரத்திலும் விலக்கு இல்லை.

வேறு கம்பெனிக் கார்டு என்றால்

ஆலன் பிராட்லியின் பி.எல்.சி.-5 வரிசையை ராக்வெல் 2017-ல் நிறுத்தியது. அதன் கார்டுகளில் வயரிங் ஒரு கதவு போலத் திறக்கும் கையில் இருக்கும். கையைத் திறந்தால் கார்டை உருவலாம், வயரைத் தொட வேண்டாம். ஆனால் ரேக்கின் பின்தட்டிலும் சில கார்டுகளிலும் டிப் சுவிட்சுகள் உண்டு; கழற்றும் முன் போட்டோ எடுங்கள். எஸ்.எல்.சி. 500-ல் சி.பி.யு.வின் பேட்டரியை முதலில் பாருங்கள். இந்த இரண்டிலும், எஸ்7-300-லும், பவரில் கார்டை உருவக் கூடாது. எஸ்7-400, கன்ட்ரோல்லாஜிக்ஸ் போன்றவை ஓடும்போதே கார்டு மாற்ற அனுமதிக்கும் வடிவமைப்பு. என்றாலும் எரியும் வாயு, தூசி உள்ள இடத்தில் அதுவும் கூடாது.

ஸ்பேரை வைத்திருப்பது

ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில், சிலிக்கா ஜெல்லோடு, கொதிக்கும் தகர ஷெட்டில் அல்லாமல் நிழலான அறையில் வையுங்கள். பேட்டரியைக் கார்டுக்குள் விட்டு வைக்காதீர்கள். பவர் சப்ளை, டிரைவ் போன்ற பெரிய கெப்பாசிட்டர் உள்ளவற்றை வருடம் ஒருமுறையாவது மேசையில் பவர் கொடுத்து எடுங்கள். பல வருடம் அப்படியே கிடந்த டிரைவுக்கு முழு வோல்டேஜை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. மேனுவலில் உள்ளபடி படிப்படியாக ஏற்றுங்கள்.

என்னென்ன வைத்திருப்பது? மெஷினை நிறுத்தக்கூடியதும், கிடைக்க நாளாவதும் எதுவோ அதுதான் முதலில். எஸ்7-300 பேனலுக்கு என் பட்டியல்: ஒரு சி.பி.யு., புரோகிராம் ஏற்றிய இரண்டாவது எம்.எம்.சி., ஒரு பவர் சப்ளை, அதிகம் பயன்படும் அவுட்புட் கார்டு இரண்டு, மற்ற வகைகளில் ஒவ்வொன்று, ஒரு கைப்பிடி பஸ் கனெக்டர்.

இனி சரிசெய்ய முடியாத கார்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்-கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எப்போது நிறுத்துவது?

பழைய கார்டைத் தேடித் தேடி ஓட்டுவது நல்ல உத்திதான், எல்லை தெரிந்திருந்தால். ஒரே மாதிரி ஐந்தாறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது: ஒரு மெஷினை மட்டும் இப்போதே எஸ்7-1500-க்கு மாற்றுங்கள். அதில் இருந்து கழற்றிய கார்டுகள் மீதி மெஷின்களுக்கு ஸ்பேராகும், உங்கள் ஆட்களுக்கும் புதிய கன்ட்ரோலர் கை பழகும். மொத்த வயரிங்கையும் கலைக்கப் பயமாக இருந்தால், பழைய இன்புட், அவுட்புட் கார்டுகளை இ.டி. 200எம் ரேக்கில் அப்படியே விட்டு, சி.பி.யு.வை மட்டும் மாற்றும் வழியும் இருக்கிறது. ஆனால் இ.டி. 200எம்-க்கும் அதே 2033 தான் கெடு. அடுத்த பட்ஜெட்டில் அந்த முதல் மெஷினுக்கு ஒரு வரி எழுதுங்கள். பேக்கப்பை அதுவரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுங்கள்.